சிங்கி இறால்: அவிப்பதா, வாட்டுவதா, வெண்ணெயில் வேகவிடுவதா?

வெளிநாட்டுச் சமையல் காணொளிகளில் வரும் லாப்ஸ்டருக்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் இருக்கும். சென்னை காசிமேடு மீன் சந்தையில் கிடைக்கும் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது. முள்ளடர்ந்த இரண்டு நீள மீசைதான் அதற்கு ஆயுதம். இதை வெறும் தோற்ற வேறுபாடு என்று எண்ணி, அந்தக் காணொளியை நிமிடம் பிசகாமல் பின்பற்றும்போதுதான் கொடுத்த காசு வீணாகிறது.

அவர்கள் சமைப்பது ஹோமாரஸ் என்ற குளிர்கடல் இனம். அதன் சதையில் கணிசமான பங்கு கொடுக்கில் இருக்கிறது. அது மென்மையானது, ஈரம் மிகுந்தது. நம் கடலில் கிடைப்பது பானுலிரஸ் இனங்கள். சென்னைக் கரையோரப் பாறைகளில் அதிகம் அகப்படுவது பானுலிரஸ் ஹோமாரஸ். பெயரில் ஹோமாரஸ் இருந்தாலும் இது வேறு. சதை ஏறக்குறைய முழுவதும் வாலில்தான். நார் தடித்தது, இறுக்கமானது, கொழுப்பு மிகக் குறைவு. இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலே ரப்பர் ஆகிவிடும். அதற்கப்புறம் எத்தனை நல்ல வெண்ணெயை ஊற்றினாலும் அது சதைக்குள் இறங்காது, மேலே வழிந்து தட்டில்தான் நிற்கும்.

அதனால் எந்த வெண்ணெய் என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்த சிங்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சமைக்கும் முறை, முறையைப் பொறுத்து வெண்ணெய். ஒப்பீட்டையும் இந்த வரிசையிலேயே செய்வோம்.

உயிரோடா, ஐஸில் வைத்ததா, உறைந்த வாலா

உயிருள்ள சிங்கிதான் முதல் தேர்வு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. காரணம் சுவை மட்டும் இல்லை. சிங்கி செத்த கணத்திலிருந்து தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியின் நொதிகள் பக்கத்துச் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். தலையும் வாலும் சேரும் இடம்தான் முதலில் குழையும். வெந்த பிறகு வாலின் முன்பாதி மாவு போலவும் பின்பாதி சரியாகவும் இருந்தால், அது உங்கள் கைப்பக்குவத்தின் குற்றம் ஆகாது. வாங்கும்போதே செத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கிறது என்று பொருள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கடைக்கார அக்காவிடம் முதுகைப் பிடித்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாலைப் படபடவென்று உள்பக்கமாக அடிக்க வேண்டும். மீசையின் அடிப்பகுதியை உரசி 'கிர்ர்' என்று ஒரு சத்தமும் போடும். இந்த இனத்துக்கே உரிய எச்சரிக்கை அது. வால் தொங்கி, கால்கள் மட்டும் லேசாக அசைந்தால் கடைசி மூச்சில் இருக்கிறது. அதை வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வந்த உடனே சமைத்தாக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். பாவம் என்று குழாய்த் தண்ணீர் நிரப்பிய வாளியில் போடுவார்கள். கடல் உயிருக்கு நல்ல தண்ணீர் விஷம் மாதிரி. உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து கொஞ்ச நேரத்திலேயே சாகும். உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கிலோ செய்தித்தாளிலோ சுற்றி, அடியில் ஐஸ், நடுவில் ஒரு அட்டை, அதன் மேல் சிங்கி என்று தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேராக உடம்பில் படக்கூடாது. மூடியில் காற்றுக்கு இரண்டு ஓட்டை. காசிமேட்டிலிருந்து தாம்பரம் வரை இது தாராளமாகத் தாங்கும்.

ஐஸில் வைத்த முழுச் சிங்கி இரண்டாவது தேர்வு. சிந்தாதிரிப்பேட்டை, பட்டினப்பாக்கம் லூப் ரோடு போன்ற இடங்களில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். வாலை நேராக்கி விட்டால் அது தானாக உள்ளே சுருள வேண்டும். தலைக்கும் வாலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய தோல் கிழியாமல், இடைவெளி விரியாமல் இருக்க வேண்டும். அங்கே கறுப்போ பச்சையோ கசிந்திருந்தால் வேண்டாம். மூட்டுகளில் கரும்புள்ளி இருந்தால் நாளாகியிருக்கிறது என்று அர்த்தம். அம்மோனியா நெடி துளி வந்தாலும் பேரம் பேசவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். வாங்கியதும் அங்கேயே தலையையும் வாலையும் பிரித்துத் தரச் சொன்னால் நொதிப் பிரச்சினை பெருமளவு குறையும்.

உறைந்த வாலை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பிடித்த உடனே வாலைப் பிரித்து உறைய வைத்திருந்தால், நாள் முழுக்க வெயிலில் கிடந்த 'ஃப்ரெஷ்' சிங்கியை விட அது மேல். ஆனால் உறையும்போது சதையின் நார்கள் கொஞ்சம் கிழிந்துவிடும், உருகும்போது நீர் வெளியேறும். ஆகவே நேரடி அனலுக்கு அது அவ்வளவு ஏற்றது இல்லை. பனி உருக, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு இரவு. அவசரம் என்றால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கால் மணி நேரம். வெந்நீரும் மைக்ரோவேவும் வெளி ஓரத்தை வேகவைத்துவிட்டு உள்ளே பனிக்கட்டியை விட்டுவைக்கும்.

இப்போது விலைக் கணக்கு. ஒரு கிலோ முழுச் சிங்கியில் தலை, கால், ஓடு போக வால் சதை சுமார் 300 கிராம் தேறும். ஒரு கிலோ ஓட்டோடு கூடிய வாலில் சுமார் 800 கிராம் தேறும். மேலே பூசிய பனிப் படலத்தைக் கழித்தால் 700 சொச்சம். ஆகவே வாலின் கிலோ விலை, முழுச் சிங்கியின் கிலோ விலையைப் போல இரண்டரை மடங்குக்குள் இருந்தால் வால் லாபம். அதைத் தாண்டினால் முழுசு லாபம். தலையையும் கால்களையும் பயன்படுத்தத் தெரிந்த வீட்டுக்கு முழுசு எப்போதுமே ஒரு படி மேல். ஒருவருக்கு 450 முதல் 500 கிராம் எடையுள்ள ஒரு முழுச் சிங்கி என்று கணக்கு வைக்கலாம்.

அளவு விஷயத்தில் ஒரு எல்லைக்கோடு உண்டு. 2003-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது: பானுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், பானுலிரஸ் ஆர்னேட்டஸ் 500 கிராம், சப்பையான மணல் சிங்கி 150 கிராம். உள்ளூர்ச் சந்தையில் இதற்குக் கீழே உள்ள குட்டிகளும், வயிற்றடியில் ஆரஞ்சு முட்டைக் கொத்தோடு இருப்பவையும் கூடைக்கு வரத்தான் செய்கின்றன. வாங்காமல் விடுவது நல்லது. சமையல் கணக்கிலும் நஷ்டம் இல்லை. 200 கிராம் குட்டியில் அறுபது கிராம் சதை கூடத் தேறாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இழுவை மடியில் வரும் மணல் சிங்கி அப்போது அரிது. நாட்டுப் படகுக்காரர்கள் தரையோடு விரிக்கும் வலையில் விழும் கல் சிங்கி, அதாவது பாறைகளில் வாழும் பானுலிரஸ், அப்போதும் வரும், விலைதான் ஏறியிருக்கும்.

அடுப்புக்கு முன்

உயிருள்ளதைக் கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போடாதீர்கள். அதற்கும் வலி, உங்களுக்கும் நஷ்டம்: துடிப்பில் கால்களை உதிர்த்துவிடும், சதை விறைத்து இறுகும். பாதி ஐஸ், பாதி உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் உணர்விழந்துவிடும். தொட்டால் மீசையோ கண்ணோ அசையக்கூடாது. பிறகு பலகையில் வைத்து, கண்களுக்கு நடுவில் கனமான கத்தியை நுனியால் இறக்கி, நடுக்கோட்டில் பின்னோக்கி அழுத்துங்கள். அதன் நரம்பு முடிச்சுகள் உடம்பு நீளத்துக்குப் பரவிக் கிடப்பதால் நீளவாக்கில் பிளப்பதுதான் விரைவான முடிவு. முழுசாக அவிக்கப்போகிறீர்கள் என்றால் தலைப் பகுதியை மட்டும் பிளந்தால் போதும்.

குடலை எடுக்க அதன் மீசையே கருவி. ஒரு மீசையை அடியில் ஒடித்து, வாலின் கீழ்நுனியில் உள்ள துவாரத்தில் ஒடித்த தடித்த பக்கம் முதலில் போகும்படி நான்கைந்து அங்குலம் செலுத்தி, ஒரு திருகு திருகி வெளியே இழுங்கள். மீசையில் இருக்கும் முட்கள் குடலைப் பற்றிக்கொண்டு முழுசாக வந்துவிடும். இறாலைக் கீறுவது போல முதுகைக் கீற வேண்டிய தேவையே இல்லை.

வேகும்போது வால் சுருண்டுகொள்ளும், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாமல் நிற்கும். வாலின் அடிப்புறத் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு மூங்கில் குச்சியை நீளவாக்கில் செருகினால் நேராக நிற்கும். குச்சி இல்லாவிட்டால் ஒரு நீளக் கரண்டிக் காம்போடு நூலால் கட்டலாம்.

நான்கு முறைகள்

எல்லா முறைக்கும் இலக்கு ஒன்றே. வாலின் தடித்த இடத்தில் உள்வெப்பம் 57 அல்லது 58 டிகிரியில் அடுப்பிலிருந்து எடுத்து, மூன்று நிமிடம் விட்டால் 60-ஐத் தொடும். முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் 63 வரை போகலாம். 70-ஐத் தாண்டினால் ரப்பர். சமையல் தெர்மாமீட்டர் ஒரு சிங்கியின் விலையை விடக் குறைவு. அது இல்லாதவர்கள் தலையும் வாலும் சேரும் இடத்தில் விலக்கிப் பாருங்கள்: கண்ணாடி போல் இருந்த சதை பால் வெள்ளையாக மாறியிருக்க வேண்டும், ஓட்டிலிருந்து சுலபமாகப் பிரிய வேண்டும். ஓடு சிவந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள். ஓட்டில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி, சூடு பட்டதும் விடுபடுவதால் வரும் சிவப்பு அது. உள்ளே சதை பச்சையாக இருக்கும்போதே ஓடு சிவந்து நிற்கும்.

முதல் முறை, உப்புத் தண்ணீரில் வேகவைப்பது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, கடல் நீரின் அளவு. 500 கிராம் சிங்கிக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர். மறுபடி கொதி வந்த பின் எட்டு நிமிடம். வீட்டு கேஸ் அடுப்பில் இதன் பலவீனம் இங்கேதான் இருக்கிறது: குளிர்ந்த சிங்கியைப் போட்டதும் கொதி அடங்கி, மறுபடி எழும்ப நான்கைந்து நிமிடம் ஆகும், அந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை. சுவையும் தண்ணீரில் இறங்கிவிடும். தலைக் கூட்டுக்குள் தேங்கிய தண்ணீர் தட்டில் வடிந்து வெண்ணெயை நீர்க்கவைக்கும். ஆறேழு பேர் வந்திருக்கிறார்கள், வாடகைப் பாத்திரமும் பெரிய அடுப்பும் இருக்கிறது என்றால் மட்டும் இந்த வழி.

இரண்டாவது, இட்லிப் பானை. சென்னை வீட்டுக்கு இதை விடப் பொருத்தமான கருவி கிடையாது. மீசைகளை ஒடித்துவிட்டால் 500 கிராம் சிங்கி அதில் அழகாக அடங்கும். குழித்தட்டை எடுத்துவிட்டு ஓட்டைத் தட்டை வையுங்கள். அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர், அதில் உப்பு, பூண்டு நான்கு பல், கறிவேப்பிலை ஒரு கொத்து. ஆவி பலமாக வந்த பிறகே சிங்கியை வைக்க வேண்டும். மூடியின் கீழ் இட்லித் துணியைக் கட்டினால் ஆவி நீர் சொட்டாது. 400 கிராமுக்கு ஒன்பது நிமிடம், 500-க்குப் பத்து, 600 முதல் 700-க்குப் பதின்மூன்று. இடையில் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு கிலோவைத் தாண்டிய சிங்கிக்கு இது சரிவராது. வால் வெளிப்புறம் இறுகிய பிறகுதான் நடுப்பகுதி வேகும். அதைப் பிளந்து வாட்டுவதே நல்லது. அடியில் மிஞ்சும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், வெண்ணெய்ச் சாறுக்கு அதுதான் அடித்தளம்.

மூன்றாவது, பிளந்து வாட்டுவது. இரும்பு தோசைக்கல், ஓடிஜி என்ற மின்சார ஓவன், மொட்டை மாடிக் கரி அடுப்பு எதுவானாலும் தத்துவம் ஒன்று. சதைப் பக்கம் குறைவான நேரம், ஓட்டுப் பக்கம் அதிக நேரம். ஓடுதான் சதைக்குக் கவசம். தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, ஈரம் துடைத்த சதைப் பக்கத்தைக் கீழே வைத்து ஒன்றரை நிமிடம். திருப்பி, தீயைக் குறைத்து, மேலே வெண்ணெய் வைத்து மூடி நான்கைந்து நிமிடம். தொடக்கத்திலேயே வெண்ணெய் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. அதில் உள்ள பால் திடப்பொருள் காய்ந்த கல்லில் நொடியில் கருகிக் கசக்கும். ஓடிஜியில் மேல் கம்பி மட்டும், 230 டிகிரி, கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஏழெட்டு நிமிடம். கரியில் வெண்ணெய் சொட்டினால் தீ எழும்பிப் புகைக்கறை படியும். எனவே கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். சப்பையான மணல் சிங்கிக்கு இந்த முறைதான் சரி. அதன் வால் தட்டையாக இருப்பதால் நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வெண்ணெயிலேயே வேகவிடுவது. வாலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டால் சதை ஓட்டிலிருந்து விடுபடும். அடிப்புறத் தோலை இரண்டு ஓரமும் கத்தரிக்கோலால் வெட்டிச் சதையை முழுசாக எடுங்கள். சிறிய பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைச் சூடாக்கி, 250 கிராம் உப்பில்லாத வெண்ணெயைத் துண்டு துண்டாக அடித்துச் சேர்த்து, குழம்பு போல் திரண்டதும் சதையை மூழ்கவிடுங்கள். வெண்ணெயின் சூடு 62 முதல் 65 டிகிரியில் நிற்க வேண்டும். 150 கிராம் வாலுக்கு 12 முதல் 14 நிமிடம். கேஸ் அடுப்பின் சிம் கூட இதற்கு அதிகம். தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்தால் தீ நேராகப் படாது. இந்த முறையில் தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். உறைந்த வாலுக்கு இதுவே நல்லது. நீர் இழந்த சதை மென்மையான சூட்டில் மேலும் இறுகாது. இதற்காக உயிருள்ள சிங்கியைச் செலவழிக்க வேண்டியதில்லை.

குக்கர் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். 120 டிகிரி ஆவியில் ஒரு விசில் வருவதற்குள் வேலை கெட்டுவிடும்.

எந்த வெண்ணெய்

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சாப்பாட்டு மேசைக்கான மஞ்சள் வெண்ணெயில் 100 கிராமுக்கு சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். அதைச் சுண்டவைத்தாலோ, சிங்கியின் இயல்பான உப்போடு சேர்த்தாலோ கரித்துவிடும். ஆவினின் சமையல் வெண்ணெய் போன்ற உப்பில்லாத வகையே இங்கே பாதுகாப்பு. மோரில் கடைந்த நாட்டு வெண்ணெய்க்கு லேசான புளிப்பு உண்டு, சிங்கிக்கு நன்றாகவே போகும். ஆனால் அதில் நீர் அதிகம், ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இருக்கும். காய்ந்த கல்லில் போட்டால் வெடிக்கும்.

நெய் போதாதா? போதாது. நெய்யின் வாசனை, பால் திடப்பொருள் சிவந்ததால் வந்தது. சிங்கியின் இனிப்பை அது அமுக்கிவிடும். தலையை வறுக்கவும், சோற்றில் பிசையவும் நெய்யை வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லிப் பானையில் அவித்ததற்குத் திரட்டிய வெண்ணெய்ச் சாறு. அவித்த சதையின் மேற்பரப்பு வழுவழுவென்று ஈரமாக இருப்பதால், உருக்கிய வெண்ணெய் ஒட்டாமல் வழிந்துவிடும். திரட்டிய சாறு போர்வை போல ஒட்டும். இரண்டு சிங்கிக்கு அளவு: பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 25 கிராம், பானையின் அடித் தண்ணீர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வெண்ணெய் 120 கிராம். அடித் தண்ணீரை முதலில் ருசி பாருங்கள். உப்புக் கரித்தால் பாதி அது, பாதி நல்ல தண்ணீர். எவர்சில்வர் பாத்திரத்தில் வெங்காயம், தண்ணீர், பாதி எலுமிச்சைச் சாறு மூன்றையும் இரண்டு மேசைக்கரண்டியாகச் சுண்டவிடுங்கள். இரும்பிலோ அலுமினியத்திலோ செய்தால் புளிப்பு உலோக வாடையைக் கிளப்பும். தீயை முழுசாகத் தணித்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைப் பத்து கிராம் துண்டுகளாக, ஒன்று கரைந்த பின் அடுத்தது என்று போட்டு விஸ்க்கால் அடித்துக்கொண்டே இருங்கள். குளிர்ந்த வெண்ணெய்தான் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. பாத்திரம் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் சில நொடி தூக்கிப் பிடியுங்கள். கடைசியில் மீதி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை மிளகு.

இது 70 டிகிரிக்கு மேல் போனால் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியும். பிரிந்தால் கொட்ட வேண்டாம். வேறு பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு, பிரிந்ததைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி அடித்தால் மறுபடி சேரும். விருந்தாளிகள் வரத் தாமதமானால், வெந்நீரில் அலசிய காப்பி ஃப்ளாஸ்கில் ஊற்றி மூடுங்கள். முக்கால் மணி நேரம் கூடப் பிரியாமல் நிற்கும். அந்த ஃப்ளாஸ்கில் மறுநாள் காப்பி குடிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

கல்லில் வாட்டியதற்கு உறையவைத்த மசாலா வெண்ணெய். ஓட்டுப் பக்கம் வேகும் நான்கு நிமிடத்தில் அது மெதுவாக உருகிச் சதைக்குள் இறங்கும், கருக நேரம் இருக்காது. 100 கிராம் வெண்ணெயில் 30 கிராமை மட்டும் உருக்குங்கள். நுரை அடங்கியதும் துடைத்துக் காயவைத்த கறிவேப்பிலை இருபது இலை, இருபது நொடி. தீயைக் குறைத்து, தட்டிய பூண்டு 10 கிராம், நிறம் மாறாமல் ஒரு நிமிடம். இறக்கி, கொரகொரப்பாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்து முழுவதும் ஆறவிடுங்கள். அப்புறம் மீதி 70 கிராம் மிருதுவான வெண்ணெயில் கலந்து, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம், பட்டர் பேப்பரில் உருளையாகச் சுருட்டி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம். நூறு கிராமையும் உருக்கிவிட்டால் என்ன ஆகும்? மறுபடி உறையும்போது நீரும் கொழுப்பும் தனித்தனியாகி மணல் மாதிரி ஆகும். பச்சைப் பூண்டை அப்படியே கலந்தாலும் கல்லில் ஒன்று வேகாமல் காரும், இல்லை கருகும். சென்னை மே மாத வெயிலில் இந்த உருளை ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும் என்பதால், சிங்கியைத் திருப்பிய பிறகே வெளியே எடுத்து, அரை அங்குல வட்டமாக வெட்டி வையுங்கள். பூண்டு கலந்த வெண்ணெயை வெளியே விட்டுவைப்பது ஆபத்து. காற்றுப் புகாத கொழுப்புக்குள் பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமி வளரலாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம்.

கறிவேப்பிலைக்குப் பதில் கொத்தமல்லித்தழையும் பச்சை மிளகாயும் போடலாம். சோம்பு, பட்டை வேண்டாம். அவை வந்த உடனே இது வேறு சமையல் ஆகிவிடும்.

முழுச் சிங்கி வாங்கி வாலை மட்டும் சமைப்பவர்களுக்கு மூன்றாவது ஒன்று இருக்கிறது, எங்கள் கணிப்பில் மூன்றிலும் இதுவே சிறந்தது: ஓட்டு வெண்ணெய். அஸ்டாக்சாந்தின் கொழுப்பில் கரையும். ஓட்டின் வாசனையில் பெரும்பங்கும் அப்படியே. இரண்டு சிங்கியின் தலை, கால்களை எடுத்து, செவுள், இரைப்பை, தலைக்குள் இருக்கும் பச்சைச் சுரப்பி மூன்றையும் நீக்கிவிடுங்கள். வாணலியில் ஈரம் வற்றி வறுவாசம் வரும்வரை வறுத்து, உரலில் நொறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 200 மில்லி தண்ணீர் சேர்த்து, லேசான சலசலப்பில் நாற்பது நிமிடம். தண்ணீர் இருப்பதால் வெண்ணெய் 100 டிகிரியைத் தாண்டாது, கருகாது. மெல்லிய துணியில் வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் மேலே ஆரஞ்சு நிறத்தில் வெண்ணெய் கட்டியாக மிதக்கும். அடியில் நிற்கும் சாறு ரசத்துக்கு. இந்த வெண்ணெயில் இனி மசாலா எதுவும் தேவைப்படாது. திரட்டிய சாறில் பாதி சாதா வெண்ணெய், பாதி இது என்று போட்டால் போதும். பால் திடப்பொருளை இழந்துவிட்டதால் இது தனியாகத் திரளாது என்பதுதான் பாதிக்குப் பாதி என்பதற்குக் காரணம்.

வெண்ணெயில் வேகவிட்ட வாலுக்குத் தனிச் சாறு எதற்கு? வெந்த வெண்ணெயிலேயே இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, எலுமிச்சை பிழிந்து, உப்புப் பார்த்து ஊற்றுங்கள். மீதி வெண்ணெயை வடித்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

ஆக, உயிருள்ள நடுத்தரச் சிங்கி கையில் இருந்தால் இட்லிப் பானையும் திரட்டிய சாறும். அன்றைக்கே பிடித்து ஐஸில் வைத்ததற்குத் தோசைக்கல்லும் மிளகு வெண்ணெயும். லேசான கருகல் வாசம், இழந்த புத்துணர்ச்சியை ஓரளவு ஈடுகட்டும். உறைந்த வால் என்றால் வெண்ணெயில் வேகவிடுங்கள். உயிருள்ளது ஒரு கிலோவுக்கு மேல் என்றால் தயங்காமல் பிளந்துவிடுங்கள், தலையை ஓட்டு வெண்ணெய்க்கு ஒதுக்குங்கள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதில் எந்த முறையும் அவர்களுக்கு ஆகாது. ஒவ்வாமை தரும் புரதம் இரண்டிலும் ஒன்றே, வேகவைத்தாலும் போகாது.

சிங்கி மிஞ்சினால் மறுநாள் சூடுபடுத்தாதீர்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக வெட்டி, சூடான சோற்றின் மேல் பரப்பி, ஒரு கரண்டி ஓட்டு வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசைந்தால், அந்தச் சோற்றுச் சூடே போதும்.